வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பு: விடை 0, 7, 8 மூன்றில் எது, ஏன்?

வைகை மாணவி (சனி, இரவு 8:10)

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளியில் இப்போது தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் பாடம் நடக்கிறது. டியூஷனில் ஒரு கணக்கு கொடுத்தார்கள்:

ஒய் = எக்ஸ்³ − எக்ஸ், ஒய் = 3எக்ஸ். இந்த இரண்டும் அடைக்கும் பரப்பு என்ன?

இரண்டையும் சமப்படுத்தினால் எக்ஸ்³ = 4எக்ஸ். அதனால் வெட்டும் புள்ளிகள் எக்ஸ் = −2, 0, 2. இதுவரை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வந்தது. அப்புறம்தான் மூன்று கட்சி ஆகிவிட்டது. சிலர் −2 முதல் 2 வரை ஒரேயடியாகத் தொகையிட்டு 0 என்கிறார்கள். சிலர் 0-வில் பிரித்து 8 என்கிறார்கள். என் தோழி எக்ஸ் அச்சுக்குக் கீழே போகும் பகுதிக்கெல்லாம் மட்டு மதிப்பு போட்டு 7 கொண்டு வந்திருக்கிறாள். விடைக்குறிப்பில் 8 இருக்கிறது.

8 வரும் செய்முறை எனக்குத் தெரியும். தெரியாதது இரண்டு விஷயம். ஒன்று, 0-வில் பிரித்தே ஆக வேண்டும் என்று எதைப் பார்த்து முடிவு செய்வது? இரண்டு, 0-வுக்கும் 1-க்கும் நடுவில் அந்த முப்படி வளைவரை எக்ஸ் அச்சுக்குக் கீழே போகிறது. "அச்சுக்குக் கீழே பரப்பு குறை எண்ணாக வரும், அதை மிகையாக்கு" என்று போன வாரம்தான் படித்தோம். அப்படியானால் தோழி செய்ததில் என்ன தப்பு?

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் (சனி, இரவு 9:02)

நல்ல கேள்விம்மா. பெரும்பாலான பிள்ளைகள் விடைக்குறிப்போடு ஒத்துப்போனதும் மூடி வைத்துவிடுவார்கள். தோழியின் 7-லிருந்தே ஆரம்பிக்கலாம், அதில்தான் விஷயம் இருக்கிறது.

எக்ஸ் = 0.5 என்ற இடத்தில் மெல்லிசாக ஒரு செங்குத்துக் கீற்று வெட்டிப் பார். நேர்கோடு 1.5 உயரத்தில் இருக்கிறது. முப்படி வளைவரை 0.125 − 0.5, அதாவது −0.375-ல் இருக்கிறது. கீற்றின் அடி −0.375, தலை 1.5. அப்படியானால் அதன் நீளம் 1.5 − (−0.375) = 1.875. அச்சுக்கு மேலே 1.5, கீழே 0.375, இரண்டும் சேர்ந்து 1.875. உன் தோழி −0.375-க்கு மட்டு மதிப்பு எடுத்து, 1.5 − 0.375 = 1.125 என்று வைத்திருப்பாள். கூட வேண்டிய துண்டு கழிந்துபோனது. 0 முதல் 1 வரை அப்படிக் குறைவது மொத்தம் அரை அலகு. இடப்பக்கமும் அதே அரை. 8-ல் ஒன்று போய் 7.

ஏன் அச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்? இரண்டு வளைவரைகளையும் 10 அலகு மேலே தூக்கி வை. எக்ஸ் = 0.5-ல் கோடு 11.5, வளைவரை 9.625. வித்தியாசம் அதே 1.875. இப்போது இரண்டும் அச்சுக்கு மேலே நிற்கின்றன, பரப்பு கொஞ்சமும் மாறவில்லை. கூட்டிய 10 கழித்தலில் போய்விடுகிறது. நீ போன வாரம் படித்த விதி, வளைவரைக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடைப்பட்ட பரப்புக்கு. அங்கே அச்சே ஒரு எல்லை. இங்கே எல்லைகள் இரண்டு வளைவரைகள் மட்டும்தான். அச்சு குறுக்கே போகிற ஒரு கோடு, அவ்வளவே.

பரப்பைத் தீர்மானிப்பது இடைவெளி ஒன்றுதான் என்பதைத் தொகையிடல் பிறப்பதற்கு முன்பே கண்டுகொண்டார்கள். இத்தாலியில் கவாலியேரி 1635-ல் வெளியிட்ட நூலில் இதுதான் அடித்தளம்: இரண்டு உருவங்களை எந்த இடத்தில் வெட்டினாலும் கீற்று நீளம் சமமாக இருந்தால், பரப்பும் சமம். உருவம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி.

இனி முதல் கேள்வி. எக்ஸ் = 1-ல் கோடு 3, வளைவரை 0. கோடு மேலே. எக்ஸ் = −1-ல் கோடு −3, வளைவரை 0. வளைவரை மேலே. 0-வில் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. "மேலே இருப்பது கழித்தல் கீழே இருப்பது" என்பதுதான் கீற்றின் நீளம். மேலே இருப்பது யார் என்பது மாறும்போது கழித்தலின் வரிசையும் மாறியாக வேண்டும். பிரிப்பது அதற்காகத்தான்.

வலப்பக்கம்: ∫ (4எக்ஸ் − எக்ஸ்³) டிஎக்ஸ், 0 முதல் 2 வரை = 8 − 4 = 4. இடப்பக்கமும் 4. மொத்தம் 8 சதுர அலகு.

வெட்டும் புள்ளிகளைக் கண்டுபிடித்ததும், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஏதாவது ஒரு எண்ணை எடுத்து இரண்டிலும் போட்டுப் பார். ஒரே ஒரு எண் போதும். நடுவில் வேறு வெட்டும் புள்ளி இல்லாதவரை, தொடர்ச்சியான வளைவரைகள் இடம் மாறிக்கொள்ள வழியில்லை.

சாலைப் பொறியாளர் (சனி, இரவு 9:40)

சார் சொன்னதற்கு மேலே ஒன்று சேர்க்கிறேன். 0 என்று விடை போட்டவர்களின் எண் வேறொரு கேள்விக்குச் சரியான விடை. என் வேலையில் இரண்டு கேள்வியும் தினமும் வரும்.

புதுச் சாலை போடும்போது முதலில் தரை எப்படி ஏறி இறங்குகிறது என்று லெவல் எடுப்போம். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை ஸ்டாஃப் என்ற அளவுக்கோலை நிறுத்தி, கருவியில் பார்த்து, உயரத்தைப் புத்தகத்தில் குறிப்போம். அதை வரைந்தால் தரையின் நெடுவெட்டுப் படம் கிடைக்கும். அதே தாளில் சாலை எந்த மட்டத்தில் வர வேண்டும் என்பதையும் ஒரு கோடாக வரைவோம். அதுதான் ஃபார்மேஷன் லெவல். தரை மேலே இருக்கும் இடத்தில் மண்ணை வெட்ட வேண்டும், கீழே இருக்கும் இடத்தில் நிரப்ப வேண்டும். கட்டிங், ஃபில்லிங் என்போம். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வேலை வெட்டலிலிருந்து நிரப்பலுக்கு மாறும்.

ஓர் எடுத்துக்காட்டு. 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு மேடு. 10 மீட்டருக்கு ஒரு முறை எடுத்த உயர வித்தியாசம் 0, 0.9, 1.2, 0.9, 0 மீட்டர். அதை அடுத்து அதே அளவுக்கு ஒரு பள்ளம். சிம்ப்சன் விதிப்படி மேட்டின் பரப்பு (10 ÷ 3) × (4×0.9 + 2×1.2 + 4×0.9) = 32 சதுர மீட்டர். பள்ளமும் 32. சாலையின் அகலத்தால் பெருக்கினால் மண்ணின் கன அளவு தோராயமாக வந்துவிடும்.

"வெளியிலிருந்து மண் கொண்டுவர வேண்டுமா?" என்று கேட்டால், 32 − 32 = 0. வேண்டாம், வெட்டியதை எடுத்துப் பக்கத்தில் போடலாம். (உண்மையில் வெட்டிய மண் இளகிப் பெருகும், ரோலர் ஓட்டி இறுக்கினால் சுருங்கும். அதற்குத் தனிக் கணக்கு உண்டு.) "எவ்வளவு வேலை நடக்கும், பில் எவ்வளவு?" என்று கேட்டால் 32 + 32 = 64. இங்கே யாராவது 0 என்று எழுதிக் கொடுத்தால், இரண்டு வாரம் இயந்திரம் ஓட்டியவருக்குக் கூலி இல்லை என்று ஆகிவிடும்.

வைகை மாணவி (சனி, இரவு 10:05)

சார், அண்ணா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. 1.875-ம் 1.125-ம் தோழிக்கு அனுப்பிவிட்டேன், உடனே புரிந்துகொண்டாள்.

இன்னொரு கணக்கிலும் இதே மாதிரி வருகிறதா என்று பார்த்தேன். ஒய் = சைன் எக்ஸ், ஒய் = காஸ் எக்ஸ், எக்ஸ் = 0, எக்ஸ் = π ஆகியவற்றால் அடைபடும் பரப்பு. நேராக ∫ (சைன் எக்ஸ் − காஸ் எக்ஸ்) போட்டால் 2 வருகிறது. நடுவில் π/4-ல் இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. அங்கே பிரித்தால் முதல் துண்டு √2 − 1, இரண்டாம் துண்டு √2 + 1, மொத்தம் 2√2, அதாவது ஏறத்தாழ 2.83. கேள்வியிலேயே 0, π என்று எல்லை கொடுத்துவிடுவதால் வெட்டும் புள்ளியைத் தேடவே தோன்றுவதில்லை. எல்லை கொடுத்திருந்தாலும் நாமாக உள்ளே தேட வேண்டும், சரிதானே?

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் (சனி, இரவு 10:20)

சரி. அதுவும் கவனி: 0 வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், பரப்பு எப்படி ஒன்றுமில்லாமல் போகும் என்று. 2 வந்தால் சந்தேகம் வராது. பார்க்க நல்ல விடை மாதிரியே இருக்கும். இப்படிப்பட்ட கணக்குகளில்தான் மதிப்பெண் போகிறது.

கிளிநொச்சிக் காரன் (ஞாயிறு, காலை 7:15)

தங்கச்சி, நான் இலங்கையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் பிள்ளைகள் அதிகம் திணறுவது பக்கவாட்டில் படுத்திருக்கிற பரவளைவு வரும்போது. இதைச் செய்து பாருங்கோ:

ஒய்² = 4எக்ஸ், ஒய் = 2எக்ஸ் − 4.

வெட்டும் புள்ளிகள் (1, −2), (4, 4). பிள்ளைகள் உடனே எக்ஸ் 1 முதல் 4 வரை என்று எல்லை போட்டுவிடுவார்கள். படம் வரைந்தால் தெரியும், பரவளைவின் மூக்கு 0-விலிருந்தே ஆரம்பிக்கிறது. எக்ஸ் 0 முதல் 1 வரை உள்ள பகுதியில் மேலேயும் பரவளைவு, கீழேயும் அதே பரவளைவு. நேர்கோடு அங்கே எல்லையே இல்லை. ஆகவே செங்குத்துக் கீற்றால் செய்தால் இரண்டு துண்டு: முதலாவது ∫ 4√எக்ஸ், 0 முதல் 1 வரை, 8/3. இரண்டாவது ∫ (2√எக்ஸ் − 2எக்ஸ் + 4), 1 முதல் 4 வரை, 19/3. கூட்டினால் 27/3 = 9.

இதையே கிடைமட்டக் கீற்றாக வெட்டினால் ஒரே துண்டு. கீற்றின் வலது முனை எப்போதும் நேர்கோட்டில், இடது முனை எப்போதும் பரவளைவில். எக்ஸை ஒய்யின் சார்பாக எழுதினால் வலது (ஒய் + 4)/2, இடது ஒய்²/4. ஒய் −2 முதல் 4 வரை தொகையிட்டால் 9. வர்க்கமூலமே வராது.

கீற்றின் இரண்டு முனையும் எந்தெந்த வளையியில் முட்டுகின்றன என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும். முட்டும் இடம் நடுவில் மாறினால் பிரிக்க வேண்டும். மாறாத திசையில் வெட்டினால் வேலை குறையும். நான் வகுப்பில் படம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் தொகையீட்டுக் குறி போட விடுவதில்லை.

விரைவுக்கணக்கு (ஞாயிறு, காலை 9:30)

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நேர்கோடும் பரவளையமும் வெட்டினால் ஒரு சூத்திரம் இருக்கிறது: எக்ஸ்²-இன் கெழு × அகலம்³ ÷ 6. அகலம் என்பது இரண்டு வெட்டும் புள்ளிகளின் எக்ஸ் வித்தியாசம். படுத்த பரவளையமாக இருந்தால் ஒய் வித்தியாசம். மேலே உள்ள கணக்கில் கெழு 1/4, அகலம் 6. 216 ÷ 24 = 9. பத்து வினாடி. ஒய் = எக்ஸ்², ஒய் = எக்ஸ் + 2 என்றால் வெட்டும் புள்ளிகள் −1, 2. 27 ÷ 6 = 4.5. ஜேஇஇ மாதிரி நேரம் பார்த்து எழுதும் தேர்வில் படம் வரைந்துகொண்டிருந்தால் அடுத்த கேள்விக்குப் போக முடியாது.

கிளிநொச்சிக் காரன் (ஞாயிறு, காலை 9:55)

சூத்திரம் சரி. ஆனால் அது ஒரு பரவளைவும் ஒரு நேர்கோடும் இருந்தால் மட்டும்தான். இரண்டு பரவளைவு என்றாலும் இரண்டும் நின்றிருந்தாலோ இரண்டும் படுத்திருந்தாலோதான் செல்லும், அப்போது கெழுக்களின் வித்தியாசத்தை எடுக்க வேண்டும். ஒய்² = 4எக்ஸ், எக்ஸ்² = 4ஒய் என்று ஒன்று படுத்தும் ஒன்று நின்றும் இருந்தால் அந்தச் சூத்திரம் உதவாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பிள்ளை அங்கேயும் அதைத்தான் போடும்.

அந்தக் கணக்கு எனக்குப் பிடித்த ஒன்று, இங்கேயே செய்துவிடுகிறேன். இரண்டும் (0, 0), (4, 4)-இல் வெட்டுகின்றன. நடுப்பகுதி ∫ (2√எக்ஸ் − எக்ஸ்²/4), 0 முதல் 4 வரை = 32/3 − 16/3 = 16/3. இப்போது 4-க்கு 4 சதுரம் ஒன்று வரையுங்கள். அதன் பரப்பு 16. நடுவில் 16/3, கீழே எக்ஸ்²/4-க்கு அடியில் 16/3, சமச்சீரால் மேலேயும் 16/3. சதுரத்தை இரண்டு வளையிகளும் மூன்று சம பங்காகப் போட்டுவிடுகின்றன. படம் வரையாதவருக்கு இது கண்ணில் படாது.

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் (ஞாயிறு, காலை 11:10)

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பொதுத்தேர்வில் படிநிலைகளுக்குத்தான் மதிப்பெண். அங்கே சூத்திரத்தை வைத்து விடையைச் சரிபார்க்கலாம், விடையாக எழுதக் கூடாது. எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு வரி போதும், சொல்லிவிடுகிறேன்.

கோடும் பரவளையமும் இரண்டு புள்ளிகளில் வெட்டுகின்றன என்றால், இடைவெளி அந்த இரண்டு இடத்திலும் பூச்சியம். இடைவெளியோ இருபடிக் கோவை. ஆகவே அது கெழு × (முதல் புள்ளியிலிருந்து தூரம்) × (இரண்டாம் புள்ளிக்கு மீதித் தூரம்) என்றுதான் இருக்க முடியும். முதல் புள்ளியிலிருந்து தூரத்தை உ என்போம், மொத்த அகலத்தை அ என்போம். ∫ உ(அ − உ) டிஉ, 0 முதல் அ வரை = அ³/2 − அ³/3 = அ³/6. முடிந்தது. கோடு எந்தச் சாய்வில் இருக்கிறது, பரவளையம் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் விடையில் வரவே இல்லை என்பதைப் பாருங்கள். அகலமும் கெழுவும் மட்டும்தான்.

எனக்கு இந்த இடத்தில் ஆர்க்கிமிடீஸைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், சிராக்கியூஸ் நகரத்திலிருந்து டொசிதியஸ் என்பவருக்கு எழுதி அனுப்பிய ஒரு நூலில் அவர் இதே பரப்பைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆய அச்சு கிடையாது, சமன்பாடு கிடையாது, தொகையிடல் கிடையாது. அவர் சொன்னது: பரவளையத்தை ஒரு நாண் வெட்டினால், உள்ளே குறிப்பிட்ட ஒரு முக்கோணத்தை வரை. அதன் மூன்றாவது முனை, நாணுக்கு இணையான தொடுகோடு தொடும் இடம். வெட்டுத்துண்டின் பரப்பு அந்த முக்கோணத்தைப் போல 4/3 மடங்கு.

எக்ஸ்², எக்ஸ் + 2 கணக்கிலேயே சோதித்துவிடலாம். கோட்டின் சாய்வு 1. பரவளையத்தின் சாய்வு 2எக்ஸ். ஆகவே தொடும் இடம் எக்ஸ் = 0.5, சரியாக −1-க்கும் 2-க்கும் நடுவில். அங்கே கோடு 2.5, பரவளையம் 0.25, இடைவெளி 2.25. முக்கோணத்தின் பரப்பு ½ × 3 × 2.25 = 3.375. அதை 4/3-ஆல் பெருக்கினால் 4.5.

நிரூபணமும் அழகானது. முக்கோணத்தை எடுத்தபின் இரண்டு பக்கமும் இரண்டு சிறு வெட்டுத்துண்டு மிஞ்சும். அவற்றுள் அதே மாதிரி முக்கோணம் வரைந்தால், இரண்டும் சேர்ந்து முதல் முக்கோணத்தில் கால் பங்கு. அடுத்த சுற்றில் அதில் கால். 1 + 1/4 + 1/16 + ... என்று போய் 4/3-ல் நிற்கிறது. முடிவில்லாத தொடரைக் கூட்டுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அதைவிடக் கூடவும் முடியாது, குறையவும் முடியாது என்று இரண்டு பக்கமும் அடைத்துக் காட்டியிருக்கிறார். நாற்பது வருடம் பாடம் நடத்தியும் இதைக் கரும்பலகையில் போடும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி குறைந்ததில்லை.

விரைவுக்கணக்கு (ஞாயிறு, பகல் 12:02)

ஐயா, உ(அ − உ) எனக்குப் புதிது. சூத்திரமாக மட்டும்தான் வைத்திருந்தேன். நன்றி.

வணிகவியல் பிரிவு (ஞாயிறு, மாலை 4:30)

எங்கள் வணிகக் கணிதத்திலும் இதேதான் வருகிறது, நுகர்வோர் உபரி, உற்பத்தியாளர் உபரி என்ற பெயரில். தேவை வளைவரையும் அளிப்பு வளைவரையும் வெட்டும் இடம் சந்தை விலை. எங்களுக்கு வந்த கணக்கு மாதிரி ஒன்று: தேவை விலை 25 − எக்ஸ்², அளிப்பு விலை 2எக்ஸ் + 1. சமப்படுத்தினால் எக்ஸ்² + 2எக்ஸ் − 24 = 0, எக்ஸ் = 4, விலை 9. (−6 வேண்டாம், அளவு குறை எண்ணாக இருக்காது.) தேவைக் கோட்டுக்கும் விலை 9-க்கும் நடுவில் 128/3, அது நுகர்வோர் உபரி. விலை 9-க்கும் அளிப்புக் கோட்டுக்கும் நடுவில் 16, அது உற்பத்தியாளர் உபரி. இரண்டையும் சேர்த்தால் 176/3.

கூட்டுவதற்குப் பதிலாக இரண்டு வளைவரைகளுக்கும் நடுவில் 0 முதல் 4 வரை நேராகத் தொகையிட்டாலும் 176/3 தான் வருகிறது. விலைக் கோடு நடுவில் போகும் தடுப்பு மாதிரிதான் என்று இந்த இழையைப் படித்தபின் தோன்றியது. ஆசிரியர் ஐயா எக்ஸ் அச்சைப் பற்றிச் சொன்னதும் இதுவும் ஒன்றுதானா?

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் (ஞாயிறு, மாலை 5:05)

ஒன்றேதான். மொத்தப் பரப்பை மாற்றாமல் யார் பங்கு எவ்வளவு என்று மட்டும் அந்தக் கோடு பிரிக்கிறது.

பொருளாதாரத்தில் இன்னொன்றும் உண்டு. மக்களை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தி, அடிமட்டத்திலிருந்து இத்தனை பங்கு மக்களிடம் மொத்த வருமானத்தில் எத்தனை பங்கு என்று வரைந்தால் அது லொரன்ஸ் வளைவரை. 1905-ல் வந்தது. எல்லோருக்கும் சமம் என்றால் அது ஒய் = எக்ஸ் என்ற நேர்கோடு. இல்லையென்றால் கீழே தொய்ந்து நிற்கும். அந்தத் தொய்வுக்கும் நேர்கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பை இரண்டால் பெருக்கினால் கினிக் கெழு. இத்தாலியர் கொராடோ கினி 1912-ல் முன்வைத்த அளவு. 0 என்றால் முழுச் சமம், 1-ஐ நெருங்கினால் எல்லாம் ஒருவர் கையில்.

வளைவரை ஒய் = எக்ஸ்² என்று வைத்துக்கொள். அடிமட்டப் பாதிப் பேரிடம் கால் பங்கு வருமானம். இடைவெளியின் பரப்பு நம் சூத்திரப்படி 1/6, கினிக் கெழு 1/3. நாளிதழில் நாடுகளுக்கு நாடு ஒப்பிட்டுப் போடும் எண் இதுதான். ஆனால் இரண்டு நாட்டின் லொரன்ஸ் வளைவரைகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டால் கவனம் வேண்டும். ஒரு நாட்டில் அடிமட்டத்தார் மோசமாக இருக்கலாம், இன்னொன்றில் நடுத்தரத்தார் மோசமாக இருக்கலாம், இரண்டுக்கும் கினி ஒரே எண்ணாக வந்துவிடும்.

இரவுநேர நிரலர் (ஞாயிறு, இரவு 11:48)

எல்லோரும் சமன்பாடு தீர்க்க வருகிற கணக்காகவே எடுத்திருக்கிறீர்கள். தீர்க்க வராதபோது என்ன செய்வது என்று சொல்கிறேன். ஒய் = காஸ் எக்ஸ், ஒய் = எக்ஸ் வர்க்கம். காஸ் எக்ஸ் = எக்ஸ்² என்பதைத் தாளில் தீர்க்க வழியில்லை. தோராயமாகத்தான் தேட வேண்டும். நியூட்டன் முறையில் எக்ஸ் ≈ 0.8241 கிடைக்கும், மறுபக்கம் −0.8241. பரப்பு 2 × (சைன் எக்ஸ் − எக்ஸ்³/3), அதில் 0.8241 போட்டால் 1.09475.

இதில் நான் மிகவும் ரசிப்பது வேறு. வெட்டும் புள்ளியைச் சோம்பேறித்தனமாக 0.82 என்று மட்டும் வைத்தால் பரப்பு 1.09471. புள்ளியில் பிழை 0.004. பரப்பில் பிழை 0.00004, நூறில் ஒரு பங்கு. காரணம், வெட்டும் புள்ளியருகே கீற்றின் நீளமே கிட்டத்தட்டப் பூச்சியம். அங்கே ஒரு கீற்று கூடினாலும் குறைந்தாலும் பரப்பில் ஒன்றும் ஏறாது. ஆகவே எல்லையைத் தோராயமாக எடுத்ததற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு வெட்டும் புள்ளியைக் கண்டுபிடிக்காமலே விட்டுவிட்டால் நிலைமை வேறு, அப்போது ஒரு துண்டு முழுக்கக் குறி மாறிவிடும்.

கணினியில் இடைவெளியின் மட்டு மதிப்பைப் போட்டு மொத்தமாகத் தொகையிடலாம், பிரிக்கவே வேண்டாம். விடை வரும். ஆனால் மட்டு மதிப்பு வெட்டும் புள்ளியில் கூராக மடங்கும். சிம்ப்சன் மாதிரி விதிகள் அந்த மடிப்பில் துல்லியத்தை இழக்கும். புள்ளியைத் தோராயமாகவாவது தேடி அங்கே பிரித்துக் கொடுத்தால் கணினிக்கும் நல்லது.

சாலைப் பொறியாளர் (திங்கள், காலை 6:50)

அந்த மடிப்பு எங்களுக்கும் தெரிந்ததுதான். வெட்டலும் நிரப்பலும் மாறும் இடம் இரண்டு லெவல் புள்ளிகளுக்கு நடுவில் விழுந்தால், அந்த இடத்தின் தூரத்தை விகிதமாகக் கணக்கிட்டு ஒரு 0 வரியாகப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்வோம். அப்புறம்தான் பரப்பு.

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் (திங்கள், காலை 8:15)

நிரலர் சொன்னது அருமை. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று.

வைகை மாணவிக்கு ஒரு கணக்கு தருகிறேன், இதுவரை பேசிய எல்லாம் இதில் வரும். ஒய் = எக்ஸ்³ வளைவரையில் எக்ஸ் = 1-ல் தொடுகோடு வரை. அது வளைவரையை இன்னோர் இடத்தில் வெட்டும். இடைப்பட்ட பரப்பைக் கண்டுபிடி. வெட்டிய அந்த இடத்தில் மறுபடி ஒரு தொடுகோடு வரை, அதுவும் வேறோர் இடத்தில் வெட்டும். அந்தப் பரப்பையும் கண்டுபிடி. இரண்டாவது பரப்பு முதலாவதைப் போல எத்தனை மடங்கு? முடிந்தால், 1-க்குப் பதில் வேறு புள்ளி எடுத்தாலும், எக்ஸ்³-க்குப் பதில் வேறு முப்படி எடுத்தாலும் அந்த மடங்கு மாறுமா என்று சொல்.

வைகை மாணவி (திங்கள், இரவு 9:25)

சார், பள்ளிவிட்டு வந்ததும் உட்கார்ந்து முடித்துவிட்டேன்.

எக்ஸ் = 1-ல் சாய்வு 3, தொடுகோடு ஒய் = 3எக்ஸ் − 2. இடைவெளி எக்ஸ்³ − 3எக்ஸ் + 2 = (எக்ஸ் − 1)²(எக்ஸ் + 2). ஆகவே இன்னொரு வெட்டும் புள்ளி −2. 0-வைப் போட்டுப் பார்த்தேன்: வளைவரை 0, கோடு −2, வளைவரை மேலே. 1-ல் இரண்டும் தொடுவதோடு சரி, இடம் மாறிக்கொள்வதில்லை, வர்க்கம் வந்ததால். −2 முதல் 1 வரை தொகையிட்டால் 27/4.

−2-ல் சாய்வு 12, தொடுகோடு ஒய் = 12எக்ஸ் + 16. இடைவெளி (எக்ஸ் + 2)²(எக்ஸ் − 4). −2 முதல் 4 வரை, இங்கே கோடு மேலே. பரப்பு 108. 108 ÷ 6.75 = 16.

பிறகு நீங்கள் உ(அ − உ) செய்த மாதிரியே செய்தேன். தொடும் புள்ளியிலிருந்து தூரம் உ, அகலம் அ என்றால் ∫ உ²(அ − உ) டிஉ = அ⁴/3 − அ⁴/4 = அ⁴/12. அகலம் 3 என்றால் 81/12 = 27/4. அகலம் 6 என்றால் 1296/12 = 108. பொருந்துகிறது.

தொடும் புள்ளியை 1 என்று இல்லாமல் த என்று வைத்தால் இடைவெளி (எக்ஸ் − த)²(எக்ஸ் + 2த). த 0 ஆக இருக்கக் கூடாது, அங்கே தொடுகோடு வேறெங்கும் வெட்டாது. மற்றபடி அடுத்த புள்ளி எப்போதும் −2த, அதற்கடுத்தது 4த. அகலங்கள் 3த, 6த. அகலம் இரண்டு மடங்கு, அ⁴ என்பதால் பரப்பு 2⁴ = 16 மடங்கு.

வேறு முப்படி எடுத்தால்: எக்ஸ்² உறுப்பு இருந்தால் வளைவரையைப் பக்கவாட்டில் நகர்த்தி அதை இல்லாமல் செய்துவிடலாம், நகர்த்துவதால் பரப்பு மாறாது. முன்னால் இருக்கும் கெழு இரண்டு பரப்பையும் ஒரே அளவு பெருக்கும், விகிதத்தில் அடிபட்டுப் போகும். மிச்சம் எக்ஸ் உறுப்பும் மாறிலியும். அவை இரண்டும் சேர்ந்தால் ஒரு நேர்கோடு. நீங்கள் இரண்டையும் 10 அலகு தூக்கி வைக்கச் சொன்னீர்களே, அதே மாதிரி வளைவரையிலிருந்தும் தொடுகோட்டிலிருந்தும் அந்த நேர்கோட்டைக் கழித்துவிடலாம். எந்தக் கீற்றின் நீளமும் மாறாது, தொடுகோடு தொடுகோடாகவே இருக்கும். மிஞ்சுவது எக்ஸ்³ மட்டும். அதனால் எந்த முப்படி எடுத்தாலும் 16 தான்.

முதலில் கேட்ட எக்ஸ்³ − எக்ஸ் வளைவரையிலும் 1-ல் தொடுகோடு வரைந்து பார்த்தேன். ஒய் = 2எக்ஸ் − 2. இடைவெளி அதே எக்ஸ்³ − 3எக்ஸ் + 2.